ஜலதோஷ டாக்டர், டம்மி சார் ஆன கதை

இரும்புலியூரில் ஒரு வீட்டுக் குளியலறையில் கீசர் பிளந்தது. குற்றம் என்னுடையது. அதற்கான சாட்சியை என் பேண்ட் பாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டேன். பழி இன்னொருவர் தலையில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வரும் சில இடங்கள் சிரிப்பாக இருக்கும். அதைப் படித்துவிட்டு, ஆள் நல்ல மனிதர்தான் போலிருக்கிறது என்று யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது.

1. சிவப்பு மார்க்கர்

நான் பி.எஸ்ஸி. இயற்பியல் படித்தவன். குரோம்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தேன். அதை மூடியபோது எனக்கு நாற்பத்தெட்டு வயது. 2000களின் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரு வாட்டர் ஹீட்டர் சர்வீஸ் சென்டரில் சேர்ந்தேன். நீலச் சட்டை, கழுத்தில் ஐ.டி. கார்டு, மொபெட்டின் முன்னால் டூல்ஸ் பை. விசிட்டிங் கார்டில் ‘சர்வீஸ் இன்ஜினீயர்’ என்று போட்டிருந்தது.

நம் ஊரில் கீசர் என்பது பரணில் கிடக்கும் குடை மாதிரி. வருடத்தில் பாதி நாள் யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஐப்பசி மழை இறங்கியதும் எல்லா வீட்டிலும் ஒரே வாரத்தில் ஸ்விட்ச் போடுவார்கள். அதில் பல வீடுகளில் ஃபியூஸ் போகும், சில வீடுகளில் ஷாக் அடிக்கும், மீதி வீடுகளில் பச்சைத் தண்ணீரே வரும். அதோடு தாம்பரத்துப் போர் தண்ணீர். உள்ளே உப்புப் படிந்து எலிமென்ட் வெள்ளைக் கரும்பு மாதிரி தடித்துவிடும்.

சேலையூரில் ஒரு பெரியவர் வீட்டில் டேங்கைத் திறந்து உப்பைச் சுரண்டி ஒரு வாளியில் கொட்டினேன். வாளி நிறைந்துவிட்டது.

“இவ்வளவு சுண்ணாம்பையும் உள்ள வச்சேவா சார் எங்களுக்கு வித்தீங்க?” என்றார்.

“இல்ல சார், உங்க போர்லேர்ந்து வந்தது.”

“சான்ஸே இல்ல. எங்க போர் ஸ்வீட் வாட்டர். இந்தத் தெருவுக்கே தெரியும்.”

“குடிக்கறதுக்கும் அதுதானா சார்?”

“சே சே. குடிக்க கேன் வாட்டர்.”

இப்படிப்பட்ட வீடுகள்தான் அந்த வேலையின் சம்பளத்தோடு சேர்த்து எனக்குக் கிடைத்தவை. வேலை எனக்குப் பிடித்திருந்தது. பிடிக்காதது ஒன்றே ஒன்று: சென்டர் சுவரில் இருந்த வெள்ளைப் பலகை.

சென்டரை நடத்தியவர் தயாளன். என்னைவிடப் பத்து வயது இளையவர். ஒரு வீட்டிலிருந்து அதே கம்ப்ளெயின்ட்டுக்கு இரண்டாவது முறை ஃபோன் வந்தால், போன ஆளின் பெயருக்கு நேரே சிவப்பு மார்க்கரில் ‘ரிப்பீட்’ என்று எழுதிவிடுவார்.

“மொதல் வாட்டி ரிப்பேர் ஆனா அது மெஷின் தப்பு சார். ரெண்டாவது வாட்டி ஆனா அது நம்ம தப்பு,” என்பார்.

இருபத்தைந்து வருடம் மற்றவர்கள் வேலையில் குறை கண்டுபிடித்துச் சிவப்பு மையில் சுழித்தவன் நான். என் பெயருக்கு நேரே சிவப்பைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

2. ஜலதோஷம்

விசாலாட்சி டீச்சர் இரும்புலியூரில் ஒரு காலனியில் இருந்தார். கணக்கு ஆசிரியை. கணவர் ஓய்வு பெற்றவர், நாள் முழுக்கச் செய்தித்தாளும் கையுமாக இருப்பவர். டீச்சர் சென்டருக்கு ஃபோன் செய்து சொன்ன கம்ப்ளெயின்ட் இது: “எங்க கீசருக்கு ஜலதோஷம். மூக்கு ஒழுகிட்டே இருக்கு.”

போய்ப் பார்த்தேன். கீசருக்கு அடியில், சேஃப்டி வால்வின் மூக்கு மாதிரி நீண்ட வாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கீழே ஒரு எவர்சில்வர் டம்ளர்.

“ஒரு வாட்டி ஸ்விட்ச் போட்டா ரெண்டு டம்ளர் சார். மூணு நாள் அளந்துட்டேன். கூடவும் இல்ல, குறையவும் இல்ல.”

இருபத்தைந்து லிட்டர் தண்ணீர் குளிக்கும் சூட்டுக்கு மேல் காய்ந்தால் கிட்டத்தட்ட இரண்டு டம்ளர் அளவு விரியும். டீச்சரின் கணக்கு துல்லியமாக இருந்தது. வால்வுக்குள் ஒரு சின்னத் தடுப்புத் தட்டு உண்டு. உள்ளே வந்த தண்ணீரை அது மாடித் தொட்டிக்குத் திரும்ப விடாது. அதனால் விரிந்த தண்ணீர் மூக்கு வழியாக வெளியேறுகிறது. அப்படிச் சொட்டினால்தான் கீசர் ஆரோக்கியமாக இருக்கிறது என்று பொருள். இதை விளக்கினேன்.

“தண்ணி சூடானா விரியும் டீச்சர். அது இயற்கை.”

“விரியட்டும் சார், யார் வேணாங்கறா. எங்க பாத்ரூம் தரையில ஏன் விரியணும்?”

அடுத்த வாரம் மறுபடி ஃபோன். பலகையில் சிவப்பு. அதற்கடுத்த வாரம், கணவர் ஈரத்தில் வழுக்கி விழப் பார்த்தார் என்று இன்னொரு ஃபோன். இன்னொரு சிவப்பு. “பி.எஸ்ஸி. படிச்சவர் ஒரு சொட்டை நிறுத்த முடியலையே சார்,” என்று தயாளன் எல்லார் முன்னாலும் சிரித்தார்.

மூன்றாவது முறை போனபோது அந்த வேலையைச் செய்தேன். வால்வைக் கழற்றி உள்ளே இருந்த தடுப்புத் தட்டை எடுத்துவிட்டேன். பிறகு மூக்கில் டெஃப்லான் டேப் சுற்றி ஒரு டம்மியைத் திருகினேன். டம்மி என்பது பைப் வாயை அடைக்கும் மரைபோட்ட சின்னப் பித்தளை மூடி. விரிந்த தண்ணீர் இனி மாடித் தொட்டிக்கே திரும்பிப் போய்விடும். மூக்கு ஒழுகாது.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. மாடித் தொட்டிக்குப் போகும் வழி எப்போதும் திறந்திருக்க வேண்டும். அந்த வழியில் ஆங்கிள் காக் என்று ஒரு அடைப்புக் குழாய் இருக்கும்; அதை யாராவது மூடிவிட்டு ஸ்விட்சைப் போட்டால், விரியும் தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை. டேங்க் பிளக்கும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை. யார் அந்த ஆங்கிள் காக்கைத் தொடப் போகிறார்கள் என்று எண்ணிக்கொண்டேன், அவ்வளவுதான்.

சொட்டு நின்றது. டீச்சர் காபி கொடுத்தார். “சளி பிடிச்சா இவரைக் கூப்பிடுங்க” என்று காலனி முழுக்கச் சொல்லிவிட்டார். நான் மொபெட்டில் நுழைந்தால், “ஜலதோஷ டாக்டர் வந்துட்டாரு!” என்று மாடியிலிருந்து குரல் கொடுப்பார்கள். எனக்கு அந்தப் பட்டம் பிடித்திருந்தது. அடுத்த சீசன் முடிவதற்குள் மொத்தம் பதினான்கு வீடுகளில் டம்மி போட்டேன். என் பெயருக்கு நேரே ஒரு சிவப்பும் இல்லை. தயாளன் ஒரு சுவர்க் கடிகாரத்தைப் பரிசாகக் கொடுத்தார். கூடத்தில் மாட்டினேன்.

3. மூடியிருந்த காக்

அதே காலனியில் பிளம்பிங் வேலை பார்த்தவர் ஏழுமலை. பக்கத்து ஹார்டுவேர் கடை வாசலில் சைக்கிளோடு நிற்பார். காதை வைத்தே சுவருக்குள் எங்கே கசிகிறது என்று சொல்லிவிடும் ஆள். என்னைப் பார்க்கும்போதெல்லாம், “இன்னா டாக்டர் சார், இன்னிக்கு எத்தினி பேஷன்ட்டு?” என்று கேட்பார்.

மார்கழியில் ஒரு நாள் மாலை, விசாலாட்சி டீச்சர் வீட்டில் ஷவருக்குப் போகும் பைப்பில் ஒரு ஜாயின்டை மாற்றினார் ஏழுமலை. ஒட்டிய பசை காய வேண்டும் என்று கீசரின் ஆங்கிள் காக்கை மூடினார். “நாளைக்கி பத்து மணிக்கு மேல தொறந்துக்கோ சார்” என்று டீச்சரின் கணவரிடம் சொல்லிவிட்டுப் போனார். கணவர் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து தலையாட்டினார். டீச்சரிடம் சொல்ல மறந்துவிட்டார்.

மறுநாள் காலை டீச்சர் வழக்கம்போல ஸ்விட்சைப் போட்டார். அரை மணி கழித்துத் துண்டும் கையுமாகக் குளியலறைக்குப் போகும்போது தங்கையிடமிருந்து ஃபோன். “அப்புறம் பேசறேன்” என்று சொல்ல ரிசீவரை எடுத்தார். அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. கீசர் பிளந்தது. முன்மூடி பறந்துபோய்க் கதவில் அடித்துக் கதவு விரிசல் விட்டது. கொதிக்கும் தண்ணீர் கூடம் வரை ஓடியது.

தங்கை ஒரு நிமிடம் தாமதமாகக் கூப்பிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் இன்றுவரை நினைத்துப் பார்க்கிறேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது வாசலில் காலனியே நின்றது. “நான் பாக்கறேன், எல்லாரும் வெளியில இருங்க” என்று உள்ளே போனேன். முதல் வேலையாக ஸ்பேனரால் டம்மியைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். பித்தளை இன்னும் சூடாக இருந்தது. பேண்ட் துணி தாண்டித் தொடையில் சுட்டது. வெளியே வந்தேன்.

“என்ன சார் ஆச்சு?” என்றார் டீச்சர்.

“ஆங்கிள் காக் மூடியிருக்கு டீச்சர்.”

அவ்வளவுதான் சொன்னேன். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

ஏழுமலையைக் கூப்பிட்டு வந்தார்கள். “நான்தான் சாராண்ட சொல்லிட்டுப் போனேனே டீச்சர்!” என்றார். கணவர் ஞாபகம் இல்லை என்றார். ஏழுமலை என் பக்கம் திரும்பினார்.

“டாக்டர் சார், நீயே சொல்லு. காக்க மூடுனா மூக்குல தண்ணி வரணும். அதுக்குத்தான வால்வு கீது? அது இன்னாத்துக்கு வர்ல?”

பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர் சரியான கேள்வியைக் கேட்டார். பட்டம் வாங்கிய நான், “சில சமயம் உப்பு அடைச்சுக்கும்” என்றேன். அது முழுப் பொய்.

காலனிச் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் மறுநாளே ஒரு தாள் ஒட்டினார்கள்: ஏழுமலையை யாரும் வேலைக்குக் கூப்பிட வேண்டாம். வாட்ச்மேன் அவர் சைக்கிளை கேட்டுக்குள் விடவில்லை. “அந்த டம்மி பீஸை நம்பி வீட்டைக் கொடுத்தோமே” என்று ஒருவர் என்னிடமே சொன்னார். அந்தச் சொல் காதில் விழுந்தபோது என் கை தானாகப் பாக்கெட்டைத் தொட்டது.

4. பஸ் ஸ்டாண்டில்

பொங்கல் கழிந்து ஒரு நாள் தாம்பரம் பஸ் ஸ்டாண்டில் ஏழுமலையைப் பார்த்தேன். தோளில் சாக்குப் பை, அதற்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த பைப் ரெஞ்ச். நான் ஒதுங்கப் பார்த்தேன். அவர் விடவில்லை.

“இன்னா டாக்டர் சார், சளி கிளியெல்லாம் எப்டி கீது?”

“நல்லா இருக்கீங்களா ஏழுமலை? எங்க இவ்வளவு தூரம்?”

“கோவிலம்பாக்கம். அங்க புச்சு புச்சா வூடு கட்டிகினு கீறாங்க. காலைல ஒரு பஸ்ஸு, சாயங்காலம் ஒரு பஸ்ஸு. சைக்கிள்ல போனா முட்டி பேஜார் ஆய்டுது.” சிரித்தார். பிறகு அதே குரலில் சொன்னார்: “அந்த வால்வு மூக்குல வெள்ள டேப்பு ஒட்டினு இருந்திச்சு சார். மரையில ஸ்பேனர் கடிச்ச தடம் புச்சா இருந்திச்சு. நான் பாத்தேன்.”

“அப்பவே ஏன் சொல்லலை?” என்று கேட்டேன்.

“சொன்னா யாரு நம்புவா? உன் கய்த்துல கார்டு கீது. என் கய்த்துல துண்டு கீது. செரி, மன்சன் தானா சொல்லுவான்னு பாத்தேன்.”

நடந்ததை முழுக்கச் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் கையை மட்டும் அசைத்தார்.

“அதெல்லாம் அப்பால. எத்தினி வூட்ல போட்டு வச்சிகீற?”

“பதினாலு. டீச்சர் வீடு போக இன்னும் பதிமூணு.”

“யோவ்!” என்றார். பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “பதிமூணு வூட்ல குண்டு வச்சிட்டு எங்கிட்ட மன்னிப்பு கேட்டுகினு நிக்கிறியே! மொதல்ல போய் அத்த கய்ட்டு சார். புள்ள குட்டிங்க குளிக்கிற எடம்.”

பஸ் வந்தது. ஏறிக்கொண்டே திரும்பி, “சொட்டுச்சுன்னா திரும்பக் கத்துவாங்கோ. மூக்குல ஒரு ட்யூப்ப சொருகி தண்ணி போற ஓட்டையில வுட்டுடு. அவ்ளோதான் மேட்டரு,” என்றார்.

ஒரு முழ நீள பிளாஸ்டிக் ட்யூப். இரண்டு வருடம் இயற்பியல் பேசியும் எனக்கு அது தோன்றவில்லை.

5. மூக்கில் ட்யூப்

முதலில் டீச்சர் வீட்டுக்குப் போனேன். டம்மியை மேசைமேல் வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“காக் மூடியிருந்ததுன்னு நீங்க சொன்னது உண்மைதான். ஆனா கடைசி வரியை மட்டும் காட்டிட்டு நடுவுல இருக்கற ஸ்டெப்பையெல்லாம் மறைச்சா நான் மார்க் போட மாட்டேன் சார். முட்டைதான்,” என்றார். பிறகு கணவர் பக்கம் திரும்பி, “உங்களுக்கும் முட்டை” என்றார். அவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, ஏழுமலை சொன்னது இப்போது ஞாபகம் வருகிறது என்றார். எனக்கு அன்று காபி இல்லை. அந்த வீட்டில் பிறகு எப்போதும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலனிச் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று அதையே சொன்னேன். ஏழுமலை பெயர் இருந்த தாளைக் கிழித்தார்கள். அதே இடத்தில் என் பெயர் போட்டு ஒரு தாள் ஒட்டினார்கள். முறைதானே. டம்மிகளைக் கழற்றும்வரை மட்டும் வாட்ச்மேன் துணையோடு உள்ளே வரலாம் என்று சலுகை கொடுத்தார்கள்.

இரண்டு வாரம் வீடு வீடாகப் போனேன். பலருக்கு ஆபத்தைவிடச் சொட்டுதான் பெரிய கவலை.

“ஏன் சார், இருக்கட்டுமே. நாங்க காக்கை மூடவே மாட்டோம்.”

“உங்க மருமகன் ஊர்லேர்ந்து வந்து மூடினா?”

“அவரா? அவர் எதையும் தொட மாட்டாரு சார், அதுதான் எங்க பிரச்சினையே.”

ஒவ்வொரு வால்வையும் மாற்றி, ட்யூப் போட்டுத் தரைத் துளையில் விட்டேன். “என்ன சார், ஆஸ்பத்திரி பேஷன்ட் மாதிரி ஆக்கிட்டீங்க” என்றார்கள். இதற்குள், மூக்கு மறுபடி ஒழுகுகிறது என்று எல்லா வீடுகளிலிருந்தும் சென்டருக்கு ஃபோன். நான் உள்ளே நுழைந்தபோது பலகையில் என் வரிசை முழுக்கச் சிவப்பு.

“என்ன சார் இது, மார்க்கரே தீந்துபோச்சு!” என்றார் தயாளன். காரணத்தைக் கேட்டபின் அவர் சிரிக்கவில்லை. என்னை ஃபீல்டிலிருந்து எடுத்து ஸ்பேர் பார்ட்ஸ் கவுன்டரில் உட்கார வைத்தார். கடைசியில் கொஞ்சம் தயங்கி, “அந்தக் கடிகாரத்தையும்...” என்றார். மறுநாளே கொண்டுவந்து கொடுத்தேன். சென்டர் சுவரில், பலகைக்கு மேலேயே மாட்டினார். அதற்குப் பிறகு நேரம் பார்க்கும்போதெல்லாம் பலகையையும் பார்த்தேன்.

பன்னிரண்டு வீடுகள் முடிந்தன. பதின்மூன்றாவது வீடு, டீச்சர் வீட்டையும் சேர்த்தால் பதினான்காவது, பூட்டியிருந்தது. அந்தக் குடும்பம் காலி செய்துகொண்டு மேடவாக்கம் பக்கம் எங்கோ போய்விட்டது. போகும்போது கீசரையும் கழற்றி எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். முகவரி யாருக்கும் தெரியவில்லை. எங்கள் கம்பெனி பதிவேட்டில் இருந்த நம்பர் வேறு யாருக்கோ போய்விட்டது.

இதை ஏழுமலையிடம் ஃபோனில் சொன்னேன். காலனிக்காரர்கள் அவரைத் திரும்பக் கூப்பிட்டிருந்தார்கள். “கோவிலம்பாக்கத்துல கைநெறய வேல கீது. தேதி பாத்து சொல்றேன்னு சொல்லிக்கீறேன்” என்று அவர் குரலில் ஒரு குஷி. நான் சொன்னதைக் கேட்டதும், “மேடவாக்கமா? செரி” என்று வைத்துவிட்டார்.

6. பதினாலாவது

மூன்று மழைக்காலம் போனது. குளிர் தொடங்கினால் செய்தித்தாளை உள்ளூர்ப் பக்கத்திலிருந்துதான் பிரிப்பேன். எங்காவது குளியலறை விபத்து என்று ஒரு செய்தி கண்ணில் பட்டால், ஊர்ப் பெயரைப் படித்து முடிக்கும்வரை மூச்சு வராது.

நான் ஓய்வு பெற இரண்டு மாதம் இருக்கும்போது ஒரு காலை ஃபோன் வந்தது.

“டம்மி சார், ஏழுமலை பேசறேன். உன் பதினாலாவது புள்ள இங்க கீது. வந்து கூட்டினு போ.”

புரியச் சில வினாடி ஆனது. மேடவாக்கத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் கோவிலம்பாக்கத்தில் ஒரு வீட்டுக்குக் குழாய் மாற்றப் போனவர், குளியலறையில் கீசரின் பித்தளை மூக்கைப் பார்த்திருக்கிறார். மூன்று வருடமாக, போகிற வீட்டிலெல்லாம் முதலில் கீசரின் மூக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார். அங்கே போக வேண்டிய நிலைக்கு அவரைத் தள்ளியவன் நான். அதனால்தான் அது கிடைத்தது. இதில் எனக்குப் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

“ஸ்விட்சை ஆஃப் பண்ணுங்க” என்றேன்.

“பண்ணாமயா பேசினுக்கீறேன்? நீ வா.”

புது வால்வும் ட்யூபும் எடுத்துக்கொண்டு போனேன். வீட்டுக்கார அம்மா அதே பழைய ஆள்தான். “அட, ஜலதோஷ டாக்டர்!” என்று வரவேற்றார். நான் டம்மியைப் பற்றிச் சொன்னதும் அவர் முகம் மாறியது. அவருடைய பேரக் குழந்தை இடுப்பில் இருந்தது. நான் குளியலறைக்குள் போனேன்.

ஏழுமலை நினைத்திருந்தால் அதைத் தானே ஒரு நிமிடத்தில் கழற்றியிருக்கலாம். அவர் ஸ்பேனரை என் கையில் கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்றுகொண்டார். கழற்றினேன். புது வால்வைப் போட்டேன். ட்யூபைச் சொருகப் போனபோது, “இரு” என்றார். அவரே ஆங்கிள் காக்கை இறுக்கி மூடினார். ஸ்விட்சைப் போட்டார். “இப்ப பாக்கலாம் உன் பிஸிக்ஸ.”

இரண்டு பேரும் குளியலறை வாசற்படியில் உட்கார்ந்தோம். சிறிது நேரத்தில் வால்வின் மூக்கு நுனியில் ஒரு சொட்டு திரண்டது. தொங்கியது. விழுந்தது. பிறகு இன்னொன்று.

“பாத்தியா, சளி புட்ச்சிகிச்சு,” என்றார் ஏழுமலை.

காக்கைத் திறந்து, ட்யூபைச் சொருகிவிட்டு வெளியே வந்தோம். டம்மியை அவரிடம் நீட்டினேன். வாங்கிக்கொள்ளவில்லை. “நீயே வச்சிக்கோ சார். உன்து” என்றார்.

அவர் என்னை மன்னித்தாரா என்று தெரியவில்லை. அவர் சொல்லவும் இல்லை, நான் மறுபடி கேட்கவும் இல்லை. என் வீட்டுக் குழாய்க்கு அவர்தான் வருகிறார். தெருமுனையிலிருந்தே “டம்மி சார்!” என்று கூப்பிடுவார். அக்கம்பக்கத்தில் ஏன் என்று கேட்கிறார்கள். அவர் சொல்வதில்லை. நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது, ஒவ்வொரு முறையும், முதலிலிருந்து.

கீசர் வேலைக்கு வருபவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: வால்வு சொட்டினால் சொட்டட்டும். சொட்டை நிறுத்தியதற்காக யாராவது உங்களுக்குப் பட்டம் கொடுத்தால், ஒரு முறை திரும்பிப் போய் அந்தக் கீசரின் மூக்கைப் பாருங்கள்.